கம்பெனி ஆட்சியில் ஒப்பந்தக் காவல்: ஒரு மதிப்பீடு

ஒப்பந்தக் காவல் என்பது ஊரையும் வழியையும் காக்கும் பொறுப்பைக் கூலிக்கோ மானியத்திற்கோ தனியாரிடம் விடும் முறையாகும். நிறுவனம் ஆளும் நாடும் அதன் ஒப்பந்தக் காவற்படையும் அறிவியல் புனைகதைகளில் எதிர்காலக் கற்பனையாக வருகின்றன. தமிழ்நாட்டிலோ இவை நடந்து முடிந்த வரலாறு. 1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். திருப்போரூர் வட்டார ஊர்கள், லண்டனில் பங்குதாரர்களைக் கொண்ட ஒரு வணிக நிறுவனத்தின் கைக்குச் சென்றன.

காவல் நடந்த விதம்

சென்னைப் பட்டணத்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே கம்பெனி நகரக் காவலைப் பெத்த நாயக்கர் என்பவரிடம் ஒப்படைத்திருந்தது. பெத்துநாயக்கன்பேட்டை என்ற பெயர் இப்பதவியின் நினைவே. தலையாரிகள் அவருக்குக் கீழ் வேலை செய்தனர். களவுபோன பொருள் கிடைக்காவிட்டால் அவர் இழப்பை ஈடுசெய்ய வேண்டும். நாட்டுப்புறங்களில் பாளையக்காரர்களும் காவல்காரர்களும் விளைச்சலில் பங்கு பெற்றுக் காவல் புரிந்தனர்.

நிறையும் குறையும்

இழப்பை ஈடுசெய்யும் நிபந்தனை இம்முறையின் சிறப்பு. இன்றைய காவல்துறைக்குக்கூட அத்தகைய கடமை இல்லை. ஆனால், காவல் கூலி தராத ஊரில் களவு நடந்தால் அது காவல்காரருக்கு ஆதாயமாகவே முடியும். காப்பவரே அச்சுறுத்துபவராக மாறும் வாய்ப்பு முறைக்குள்ளேயே இருந்தது. கம்பெனியின் வருவாய் அதிகாரிகள் இக்குற்றச்சாட்டை மிகுதியாக எழுதிவைத்தனர். எனினும் காவல்காரருக்குப் போன பங்கு கம்பெனிக்கு வராத வருவாய் என்பதை மறந்து அவர்களது சாட்சியத்தை ஏற்கலாகாது.

கம்பெனியின் மாற்று ஏற்பாடு

1801இல் கம்பெனி பாளையக்காரர்களின் ஆயுதங்களைத் தடை செய்தது. 1816ஆம் ஆண்டின் சட்டம் காவல் பொறுப்பைக் கலெக்டர், தாசில்தார், கிராமத் தலைவர் ஆகியோரிடம் சேர்த்தது. வரி வசூலித்தவர்களே காவலையும் நடத்தினர். இதன் விளைவை 1855இல் வெளிவந்த சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை காட்டியது. வரி வாங்கவும் குற்ற ஒப்புதல் பெறவும் மக்கள் துன்புறுத்தப்பட்டதை அது உறுதிசெய்தது. கம்பெனி ஆட்சி 1858இல் முடிந்தது. மறு ஆண்டே வருவாய்த்துறையிலிருந்து பிரிந்த காவல்துறைக்குச் சட்டம் வந்தது.

மதிப்பீடு

ஒப்பந்தக்காரரை நீக்கியதால் மட்டும் காவல் பொதுவுடைமை ஆகிவிடவில்லை. பெத்த நாயக்கர் இழப்புக்காவது பதில் சொன்னார். கம்பெனியின் சொந்தச் சேவகர் வருவாய்க்கு மட்டுமே பதில் சொன்னார். குடிமக்களுக்குப் பதில் சொல்லும் கடமை இருவருக்கும் இல்லை. பழைய மாமல்லபுரம் சாலையின் நிறுவன வளாகங்களில் இன்று தனியார் காவலர்களே வாயிலில் நிற்கின்றனர். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களது நிறுவனங்கள் உரிமம் பெற வேண்டும். அவர்களுக்குக் காவல்துறையின் அதிகாரம் இல்லை. அந்த எல்லை ஏன் தேவை என்பதற்குச் செங்கல்பட்டுச் சீமையின் வரலாறே சான்று.