தீர்க்கதரிசனமும் நிதானிப்பும்

தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே ஒரே வரத்துக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. சீர்திருத்தத் திருச்சபைகளும் பெந்தெகொஸ்தே சபைகளும் அதைத் தீர்க்கதரிசனம் என்கின்றன. கத்தோலிக்கர் இறைவாக்கு என்கின்றனர். இந்தப் பெயர் வேறுபாடு மக்களின் எதிர்பார்ப்பையே மாற்றிவிடக்கூடியது. தீர்க்கம் என்றால் நெடுமை, தரிசனம் என்றால் காட்சி. நெடுந்தொலைவைக் காண்பவர் என்ற பொருள் சொல்லிலேயே இருப்பதால், அதைக் கேட்டவுடன் மனம் வருங்காலத்தை நோக்கி ஓடுகிறது. மகளுக்கு எப்போது வரன் அமையும், வெளிநாட்டு வேலை கைகூடுமா, வழக்கு யார் பக்கம் முடியும் என்ற கேள்விகளோடு ஊழியரைத் தேடிப் போகிறோம். குறி கேட்கும் பழைய வழக்கம் இந்தச் சொல்லின் நிழலில் எளிதாக வந்து அமர்ந்துகொள்கிறது. கிரேக்க மூலச்சொல்லோ காண்பதைவிடப் பேசுவதையே சுட்டுகிறது. கடவுளுக்காக, அவர் மக்கள் முன் வாய் திறப்பதே அதன் உட்பொருள். வருவதை முன்னறிவிப்பது அதில் ஒரு பகுதி மட்டுமே.

இந்த வரம் சாதாரண விசுவாசிக்கு உரியதா என்ற கேள்விக்கு, கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தைவிட நேரான விடை வேறெங்கும் இல்லை. எல்லோரும் இதை நாட வேண்டும் என்கிறார். கேட்பவர்களைக் கட்டியெழுப்பவும் தேற்றவும் ஊக்கப்படுத்தவுமே அது தரப்படுகிறது என்கிறார். 11-ஆம் அதிகாரத்தில் பெண்கள் தீர்க்கதரிசனம் சொல்வதைச் சபையின் வழக்கமாகவே எடுத்துக்கொண்டு பேசுகிறார். ஜனங்கள் எல்லோருமே தீர்க்கதரிசிகளாக இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று மோசே ஏங்கினார்; பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு, யோவேலின் வாக்கைச் சுட்டி, குமாரர் குமாரத்திகள் மட்டுமல்ல, ஊழியக்காரரும் ஊழியக்காரிகளும் பேசுவார்கள் என்றார். ஆனால் பவுல் இந்த வாசலை அகலத் திறக்கும் அதே மூச்சில் ஒரு கடமையையும் வைக்கிறார்: இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும். நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் தேர்ந்த இந்தச் சொல் அருமையானது. எடைபோட்டுப் பார்ப்பதும் பதறாமல் இருப்பதும் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. என் வாதம் இந்தக் கடமையைப் பற்றியது. நிதானிப்பது வரத்துக்குப் போட்ட கடிவாளம் என்று பலர் எண்ணுகின்றனர். வரம் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதே அதனால்தான் என்று நான் கருதுகிறேன். எடைபோடும் பொறுப்பைச் சபை எங்கெல்லாம் கைவிட்டதோ, அங்கெல்லாம் வரமும் விசுவாசிகளின் கையைவிட்டு ஒருசிலரின் தொழிலாகிப்போனது.

ஆதிச் சபை இந்த ஆபத்தை வெகு சீக்கிரமே கண்டுகொண்டது. 1873-இல் கண்டெடுக்கப்பட்டு 1883-இல் அச்சேறிய டிடாக்கே என்ற பழைய சபை ஒழுங்கு நூல், ஆவியில் பேசுகிறவரைச் சோதிக்க வேண்டாம் என்று ஓரிடத்தில் சொன்னாலும், உடனே அவருடைய நடத்தையைப் பார்க்கச் சொல்கிறது. மூன்று நாள் தங்கினாலோ, தனக்கென்று பணம் கேட்டாலோ அவர் கள்ளத் தீர்க்கதரிசி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுந்த ஹெர்மாவின் மேய்ப்பன் என்ற நூல் இன்னும் கூர்மையானது. அதில் விசுவாசிகள் நீண்ட பலகையில் அமர்ந்திருக்க, கள்ளத் தீர்க்கதரிசி தனி ஆசனத்தில் அமர்கிறான். மனம் தடுமாறியவர்கள் சகுனக்காரனிடம் போவதுபோல அவனிடம் போய்த் தங்களுக்கு என்ன நடக்கும் என்று கேட்கிறார்கள். அவனும் அவர்கள் விரும்பியபடி சொல்லிக் கூலி வாங்குகிறான். நீதிமான்களின் கூட்டத்துக்கு வந்தாலோ பேச்சற்றுப் போகிறான். பல நூற்றாண்டுகளின் இறையியலைவிட இந்த ஒரு காட்சி எனக்கு அதிகம் உணர்த்துகிறது. உண்மை வாக்கு கூட்டத்தின் நடுவே பிறக்கிறது, போலி வாக்கு மூலைக்கு ஒதுங்குகிறது. அதே நூற்றாண்டில் பிரிகியா நாட்டில் மொந்தானுவும் பிரிஸ்கில்லாளும் மாக்சிமில்லாளும் தொடங்கிய இயக்கம், தங்கள் வாக்கைச் சபையின் எடைக்கு மேலே வைத்துக்கொண்டது. தனக்குப் பின் போர்கள் வரும் என்று மாக்சிமில்லாள் சொல்லியிருந்தார். அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு போரும் வரவில்லையே என்று அக்காலத்தவர் ஒருவர் எழுதியதைச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியு தம் நூலில் காத்துவைத்திருக்கிறார்.

சீர்திருத்தக் காலத்தார் வேறு வழியில் போனார்கள். சூரிச் நகரில் சுவிங்லி 1525-இல் தொடங்கிய வேதபாடக் கூட்டத்துக்கே தீர்க்கதரிசனம் என்ற பெயர் வழங்கியது. வில்லியம் பெர்க்கின்ஸ் பிரசங்கக் கலையைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலும் இதே சொல்தான். வசனத்தை விளக்கி வாழ்வுக்குப் பொருத்துவதே தீர்க்கதரிசனம் என்பது இவர்கள் கொள்கை. இது வரத்தைக் காத்தது; ஆனால் படித்த போதகரிடமே அதை ஒப்படைத்தும் விட்டது. இன்னும் ஓரடி முன்னே போனவர்கள், வேதாகமம் நிறைவுற்றதும் வரம் ஓய்ந்தது என்றனர். 1918-இல் பெஞ்சமின் வார்ஃபீல்டு வெளியிட்ட நூல் இந்தச் சிந்தனைப் பள்ளியின் தூண். இன்றும் கடவுள் பேசுகிறார் என்றால் வேதத்தோடு புதிய ஏடு சேர்ப்பதாகாதா என்ற அவர்கள் கேள்வியை எளிதாகத் தள்ள முடியாது. எபேசியர் நிருபம் தீர்க்கதரிசிகளை அப்போஸ்தலரோடு சேர்த்து அஸ்திபாரம் என்கிறது; அஸ்திபாரத்தை இரண்டுமுறை போடுவதில்லை. ஆயினும் பிலிப்புவின் நான்கு குமாரத்திகள் சொன்னதில் ஒரு சொல்லும் வேதத்தில் இல்லை. கொரிந்துவில் வாரந்தோறும் பேசப்பட்டவையும் ஏட்டில் ஏறவில்லை. வேதமாகாத தீர்க்கதரிசனம் அப்போஸ்தலர் காலத்திலேயே ஏராளமாக இருந்ததென்றால், இன்று அது இருப்பதால் மட்டும் வேதம் குறைபட்டுப் போகாது.

இதைத் தொட்டு இறையியலாளர் வெய்ன் குரூடம் 1988-இல் மற்றொரு பாதை காட்டினார். சபையில் சாதாரண விசுவாசி சொல்வது, கடவுள் மனதில் உணர்த்தியதைத் தன் சொந்தச் சொற்களில் சொல்லும் அறிக்கை. அதில் பிழை நேரலாம், அதனால்தான் நிதானிப்பு தேவை என்றார். அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் தீர்க்கதரிசி அகபு இதற்கு அவர் காட்டும் சான்று. யூதர்கள் பவுலைக் கட்டி ஒப்புக்கொடுப்பார்கள் என்று அகபு சொன்னார். நடந்தபோது கட்டியவர்கள் ரோமர். இந்தச் சான்று எனக்கு வலுவாகப் படவில்லை. எருசலேமிலிருந்து ரோமர் கையில் தாம் ஒப்புக்கொடுக்கப்பட்டதாகப் பவுலே பின்னர் ரோமாபுரியில் சொல்கிறார். அகபுவின் வாக்கு நிறைவேறியதாகவே அவர் எடுத்துக்கொண்டார். அகபுவிடம் கற்கவேண்டியது வேறு. அவர் உண்மையாகச் சொன்னதைக் கேட்டுச் சீஷர்கள் அழுது தடுத்தார்கள். பவுலோ புறப்பட்டுப் போனார். வாக்கு மெய்யானாலும் முடிவெடுக்கும் பொறுப்பு கேட்டவரிடமே இருந்தது. அதற்கு முன் அவர் பஞ்சத்தை முன்னறிவித்தபோது, அந்தியோகியா விசுவாசிகள் தத்தம் திராணிக்கேற்பப் பணம் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்பினார்கள். ஒரு வாக்கின் தரத்தை அறிய அது கேட்டவரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. உபாகமத்தின் 13-ஆம் அதிகாரமும் இதையே சொல்கிறது: அடையாளம் பலித்தாலும், வேறு தேவர்களிடம் இழுத்துப்போகிறவனுக்குச் செவிகொடுக்கக் கூடாது. பெயரையும் ஊரையும் சரியாகச் சொல்லிவிட்டார் என்பதோடு நம் எடைபோடுதல் முடிந்துவிட முடியாது.

நம் மண்ணிலும் இதற்கு வரலாறு உண்டு. லாஸ் ஏஞ்சலிஸின் அசூசா தெரு எழுப்புதலுக்கு 46 ஆண்டுகள் முன்பே, 1860-இல், திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனின் ஊழியத்தில் தீர்க்கதரிசனமும் அந்நியபாஷையும் வெளிப்பட்டன. சம்பளம் பெறும் மிஷன் பணியாளராக இராமல் விசுவாசத்தை நம்பி உழைத்த ஒரு தமிழரின் சபைகளில் அது நடந்தது. ஆண்களும் பெண்களும் பேசினார்கள். திருவிதாங்கூரிலோ, தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான யுஸ்துஸ் யோசேப்பு என்ற பாடலாசிரியர் முன்னின்ற எழுப்புதல், கிறிஸ்து 1881-இல் வருவார் என்று நாள் குறித்தது. அவர் எழுதிய மலையாளக் கீர்த்தனைகள் இன்றும் ஆராதனைகளில் ஒலிக்கின்றன. குறித்த நாளோ வெறுமையாகக் கடந்தது. பக்தியும் கவிதையும் நிறைந்த ஒருவரிடம் இது நேர்ந்தது என்பதுதான் எனக்கு வலிக்கிறது. நேர்மையானவர் சொன்னார் என்பது நிதானிப்புக்கு ஈடாகாது.

பெந்தெகொஸ்தே உலகமும் தன் எல்லைகளைத் தானே வகுத்திருக்கிறது. கனடாவில் 1948-இல் எழுந்த பின்மாரி இயக்கம், கைகளை வைத்துத் தனிநபர்களுக்குத் தீர்க்கதரிசனமாக வரங்களை அறிவித்தபோது, அமெரிக்காவின் அசெம்பிளீஸ் ஆஃப் காட் 1949-இல் அதை ஏற்க மறுத்துத் தீர்மானம் போட்டது. அங்கே 2020 தேர்தலைப் பற்றிப் பலர் சொன்ன வாக்குகள் பொய்த்தபின், 2021-இல் கரிஸ்மாட்டிக் தலைவர்களே ஓர் ஒழுங்கு அறிக்கை வெளியிட்டு, பகிரங்கமாகச் சொன்னது தவறினால் பகிரங்கமாகவே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றனர். இதற்கெல்லாம் எதிராக நம் சபைகளில் எழும் வாதம், அபிஷேகம் பெற்றவரைத் தொடக் கூடாது என்பது. அந்த வாக்கு வரும் சங்கீதம் முற்பிதாக்களுக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களை எச்சரிப்பது. வாக்கை எடைபோடுவதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. தானோ வானத்துத் தூதனோ வேறு சுவிசேஷம் சொன்னாலும் ஏற்காதீர்கள் என்று கலாத்தியருக்கு எழுதிய பவுல், தன்னையே எடைக்குள் வைத்தவர். ஆவியை அவித்துப்போடாதீர்கள் என்ற எச்சரிப்பையும் சிலர் காட்டுவார்கள். தெசலோனிக்கேயருக்கு எழுதிய அந்த இடத்திலேயே தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதிருப்பதும் எல்லாவற்றையும் சோதிப்பதும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட அவர் இடம் தரவில்லை.

கொரிந்து நிருபத்தில் பலர் கடந்துபோகும் ஒரு சிறு விதி இருக்கிறது. ஒருவர் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, உட்கார்ந்திருக்கிற இன்னொருவருக்கு ஏதாவது வெளிப்பட்டால், முதலாமவர் பேச்சை நிறுத்திவிட வேண்டும். யார் மூத்தவர், யாருக்குப் பட்டம் உண்டு, யார் சபையை நிறுவியவர் என்று பவுல் அங்கே கேட்கவில்லை. ஒரு கைத்தறிக்காரரோ, வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணோ பின்வரிசையில் எழுந்தால் முன்னே நிற்பவர் வாயை மூட வேண்டும். இன்று ஆயிரம் பேர் கூடும் நம் பந்தல்களில் ஒலிவாங்கி ஒருவர் கையில் மட்டும் இருக்கிறது. கீழே பாயில் உட்கார்ந்திருப்பவர் எழுந்தாலும் யாரும் நிறுத்தப்போவதில்லை.