ஆறு சோழி, 64 வழி

ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் வீட்டு வாசலில் கட்டம் கீறித் தாயம் ஆட உட்கார்ந்தால், சோழிதான் பகடை. குலுக்கி உருட்டியதும் சில மல்லாந்து வாய் காட்டும், சில கவிழ்ந்து முதுகு காட்டும்.

ஆறு சோழி விழும் வழிகள் 64. சரியாக மூன்று மல்லாரும் வழிகள் 20; ஆறில் மூன்றைத் தேர்ந்தெடுக்கும் சேர்வுக் கணக்கு இது. ஆறும் மல்லார ஒரே வழி. ஒன்றும் மல்லாராதது முதல் ஆறும் மல்லார்வது வரை வழிகளை எண்ணினால், 1, 6, 15, 20, 15, 6, 1 என்று ஏறி இறங்கும் அந்த வரிசை எவ்வளவு அழகு!

ஆனால் சோழியின் முதுகு உருண்டை, வாய்ப்பக்கம் தட்டை. இரண்டுக்கும் சம வாய்ப்பு இல்லை. மல்லாரும் வாய்ப்பு 0.4 என்று வைத்தால், மூன்று மல்லார 20 × 0.4³ × 0.6³, அதாவது சுமார் 28 சதவீதம். 1713இல் வெளியான யாக்கோபு பெர்னூலியின் நூல் விளக்கிய ஈருறுப்புப் பரவல் இதுதான்.

அந்த 0.4 சரியா என்று பார்க்க, ஒரு சோழியை நூறு தடவை உருட்டி எண்ணினால் போதும், ஓரளவு தெரிந்துவிடும்.