அணையும் வாய்க்காலும்

மேட்டூர் நண்பர் ஒருவர் போன வாரம் இரண்டு நோட்டீஸ்களுடன் வீட்டுக்கு வந்தார். மகள் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் சேர்ந்திருக்கிறாள். லேப்டாப் வேண்டும்.

"அண்ணா, இதுல ஏ.ஐ. இருக்குதாமுங்க. கீபோர்டுலயே அதுக்குத் தனி பட்டன். டச் ஸ்க்ரீன் வேற. பதினஞ்சாயிரம்தான் கூட. எடுத்துரலாங்களா?"

சொஸைட்டியில் கடன் போட்டு வாங்குகிறார். அந்தத் 'தான்' எனக்கு உறுத்தியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொடி எழுத்துகளைப் படித்தேன்.

பட்டன் வைத்த லேப்டாப்பில் ரேம் 8 ஜி.பி. அதுவும் மதர்போர்டோடு சால்டர் செய்தது. விலை குறைந்ததில் முந்தைய வருஷத்து ப்ராஸஸர். ஆனால் ரேம் 16 ஜி.பி., மேலும் சேர்க்க ஒரு காலி ஸ்லாட். எஸ்.எஸ்.டி. இரண்டிலும் ஒரே அளவு.

மேட்டூர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம். எஸ்.எஸ்.டி. என்பது அணை. ரேம் என்பது வாய்க்கால். 120 அடி நிரம்பி, 93.47 டி.எம்.சி. தண்ணீர் நின்றாலும், வாய்க்கால் குறுகல் என்றால் கடைமடை காயும். சால்டர் செய்த ரேம், கான்கிரீட் கரை போட்ட வாய்க்கால் மாதிரி. அப்புறம் அகலப்படுத்த முடியாது.

சரி, ஏ.ஐ.? 2024-ல் மைக்ரோசாஃப்ட் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குப் போடும் என்.பி.யூ. வேண்டும், ரேம் குறைந்தது 16 ஜி.பி. வேண்டும். நண்பரின் லேப்டாப் இரண்டாவது நிபந்தனையிலேயே ஃபெயில். பட்டன் மட்டும் பாஸ்! சாட்ஜிபிடியிடம் கேள்வி கேட்க இந்தச் சில்லே தேவையில்லை. பதில் இன்டர்நெட் வழியாக வேறெங்கோ இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது.

புதுசு எல்லாமே வீண் என்று சொல்லவில்லை. 2011-ல் தமிழக அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த லேப்டாப்பில் ரேம் 2 ஜி.பி., ஹார்டு டிஸ்க் 320 ஜி.பி. 2025-ல் அரசு கேட்ட டெண்டரில் ரேம் 8 ஜி.பி., எஸ்.எஸ்.டி. 256 ஜி.பி. இடம் குறைந்திருக்கிறது, வேகமோ பல மடங்கு. சுழலும் தட்டு போய் எஸ்.எஸ்.டி. வந்ததுதான் காரணம். இது நிஜமான முன்னேற்றம். மாறாக, 2016-ல் ஆப்பிள் தன் மேக்புக் ப்ரோவில் கீபோர்டுக்கு மேல் 'டச் பார்' என்று மின்னும் பட்டை ஒன்றை வைத்தது. 2023-ல் அது விற்பனையிலிருந்தே போய்விட்டது. காசு கொடுத்தவர்கள் அதில் வால்யூம் கூட்டிக் குறைத்ததுதான் மிச்சம்.

ஆக, புது வசதி எதைப் பார்த்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான். நாலு வருஷம் கழித்தும் இது உழைக்குமா, அல்லது கடையில் பார்க்க மட்டும்தானா?

"பொண்ணு என்ன கேட்டா?" என்றேன்.

"அவ ஒண்ணே ஒண்ணுதாங்க சொன்னா. கிளாஸ்ல சார்ஜர் சொருக இடமே இல்லையாம். சாயங்காலம் வரைக்கும் சார்ஜ் நிக்கணுமாம்."

இரண்டு நோட்டீஸிலும் பேட்டரி எத்தனை வாட்-ஹவர் என்று இல்லை. கடைக்கே போன் போட்டுக் கேட்டோம். எதிர்முனையில் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு உற்சாகமாக ஒரு குரல்:

"சார், அதுல ஏ.ஐ. இருக்குதுங்க!"