நிற்கும் காரும் ஓடும் திரையும்: ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்’ (1954)

ராஜர் கார்மன் (1926–2024) தயாரித்து 1954இல் வெளிவந்த ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்’ என்னும் கறுப்பு வெள்ளைப் படம் இன்று பெரும்பாலும் ஒரு தலைப்பாகவே நினைவுகூரப்படுகிறது. 2001இல் தொடங்கிய புகழ்பெற்ற படவரிசை அத்தலைப்பைப் பெற்றுக்கொண்டது, கதையை எடுத்துக்கொள்ளவில்லை. அக்கதையோ தனியே ஆராயத்தக்கது.

செய்யாத கொலைக்காகச் சிறைப்பட்டுத் தப்பிய லாரி ஓட்டுநர் ஃபிராங்க் (ஜான் அயர்லாந்து), கானி (டாரதி மலோன்) என்பவளை அவளது ஜாகுவார் காரோடு கடத்துகிறான். மெக்சிகோவுக்குள் செல்லும் கார்ப் பந்தயம் ஒன்றில் கலந்து எல்லையைக் கடப்பது அவன் திட்டம். எனவே யார் முந்துவார் என்னும் வழக்கமான ஆவல் இங்கு இரண்டாமிடம் பெறுகிறது. தப்பியோடுபவன் எங்கேனும் நிற்பானா என்பதே படத்தின் வினா.

ஏறத்தாழ 50,000 டாலர் செலவில், பத்து நாள் அளவில் படப்பிடிப்பு முடிந்தது. இவ்வறுமை வடிவத்தில் வெளிப்படையாகவே தெரிகிறது. நடிகர்கள் அமர்ந்த கார் அசையாது நிற்க, பின்னுள்ள திரையில் சாலை ஓடுகிறது. உண்மையான பந்தயக் காட்சிகளோடு இவற்றை இணைத்த ஒட்டு கண்ணை உறுத்துகிறது. இது குறையே. ஆயினும் இக்குறையால் விளைந்த பயன் ஒன்றும் உண்டு. இருவர் மட்டுமே அமரக்கூடிய அச்சிறிய கார், வேகத்தின் சின்னமாக அமையாமல் சிறையறையாகிவிடுகிறது. சிறையிலிருந்து தப்பியவன் மற்றொரு சிறையைத் தானே அமைத்துக்கொண்டு, அதற்குக் காவலனாகவும் இருக்கிறான்.

கானியின் பாத்திரப்படைப்புக்கு இத்தகைய சமாதானம் கூற இயலாது. கார் அவளுடையது, அதனை ஓட்டும் திறனும் அவளுக்கு உண்டு. பெண்கள் பந்தயத்தில் ஓட்டக்கூடாது என்னும் விதி அவளை ஒதுக்குகிறது. அவளது இடத்தில் கடத்தியவன் அமர்கிறான். படம் இவ்விதியைச் சுட்டுகிறதேயன்றி அதனோடு வாதிடவில்லை. கடத்தியவன்மீது அவளுக்குக் காதல் அரும்புவதற்கும் போதிய காரணம் காட்டப்படவில்லை. பணமின்மையின்மேல் பழிசுமத்த முடியாத குறை இது. நல்ல உரையாடலுக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை.

இறுதிப் பகுதியில் படம் தன் வலிமையை மீட்டுக்கொள்கிறது. போட்டியாளன் ஒருவனது கார் விபத்துக்குள்ளாகிறது. எல்லையை நோக்கி விரைவதா, அவனைக் காப்பதா என்னும் நிலையில் ஃபிராங்க் காரை நிறுத்துகிறான். சாலையில் ஒருவனைக் கொன்றான் என்று குற்றஞ்சாட்டப்பட்டவன் சாலையிலேயே ஒருவனைக் காக்கிறான். வேகத்தைத் தலைப்பில் கொண்ட இப்படம், தன் நாயகனின் குற்றமற்ற தன்மையை அவன் நிற்கும் அந்தக் கணத்தில்தான் நமக்கு உணர்த்துகிறது; நீதிமன்றத் தீர்ப்பு வரை காத்திருக்கவில்லை.