குடுவையின் மூடி மூடுவதில்லை

பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளை நான் பள்ளிப் பருவம் முதல் விடாமல் படித்து வருகிறேன். ஓரிரண்டைத் தவிர மற்றவை யாவும் ஒரே அச்சில் வார்த்தவை. மடகாஸ்கர் காட்டில் மனிதனை விழுங்கும் மரம் ஒன்று உண்டாம் என்று அவை தொடங்கும். அடுத்து, குடுவைச் செடியாகிய நெப்பந்தஸ் வரும். 'பூச்சி உள்ளே விழுந்ததும் மூடி படக்கென்று மூடிக்கொள்ளும்' என்ற வரியும் தவறாமல் வரும். 'இயற்கையின் விந்தைதான் என்னே!' என்ற வியப்புடன் கட்டுரை முடிந்துவிடும். எழுதுவோர் நல்லெண்ணத்துடன்தான் எழுதுகின்றனர். ஆயினும் இக்கட்டுரைகளில் மூன்று குறைகளைக் காண்கிறேன். மூன்றாவது குறை சிறியதன்று.

மனிதனை விழுங்கும் மரம், 1874-ஆம் ஆண்டில் 'நியூயார்க் வேர்ல்டு' என்னும் செய்தித்தாள் வெளியிட்ட கட்டுக்கதை. அப்படியொரு மரம் எங்கும் இல்லை. அதற்கு மறு ஆண்டு, 1875-இல், சார்லஸ் டார்வினின் 'பூச்சியுண்ணும் தாவரங்கள்' என்ற நூல் வெளிவந்தது. டிரோசீரா என்னும் சிறு செடியின் இலையிலுள்ள பிசுபிசுப்பான உணர்நீட்சியின் மீது, 0.2 மில்லிமீட்டர் நீளமுள்ள தலைமயிர்த் துணுக்கை டார்வின் வைத்துப் பார்த்தார். அதன் எடை ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் உணர்நீட்சி வளைந்தது. அதே செடி, மழைத்துளி விழுந்தால் அசையாது இருப்பதையும் அவர் கண்டு எழுதினார். பொய்க் கதையையும் அளந்து எழுதிய நூலையும் பிரிப்பது ஓராண்டு இடைவெளியே. நம் கட்டுரைகள் இவ்விரண்டில் எதன் வழிவந்தவை என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

முதற் குறை, மூடியைப் பற்றியது. வளர்ந்த நெப்பந்தஸ் குடுவையின் மூடி மூடுவதே இல்லை. உள்ளேயிருக்கும் செரிமான நீரில் மழை பெய்து நிரம்பாதபடி காக்கும் கூரை அது. பூச்சியை வீழ்த்துவதில் பெரும்பங்கு குடுவையின் விளிம்புக்கு உண்டு. மழையிலோ பனியிலோ விளிம்பு நனைந்ததும் அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் பரவுகிறது. நனைந்த தார்ச்சாலையில் தேய்ந்த டயர் பிடிப்பை இழப்பது போலப் பூச்சியின் கால்கள் அதில் பிடிப்பை இழக்கின்றன. மலேயா, சுமத்ரா, போர்னியோ ஆகிய இடங்களில் வளரும் நெப்பந்தஸ் கிராசிலிஸ் என்ற இனத்தில் மூடிக்கு வேறொரு வேலையும் உண்டென 2012-இல் கண்டறிந்தனர். மூடியின் அடிப்புறத்தில் தொங்கியபடி எறும்பு தேனை நக்கிக்கொண்டிருக்கும். மேலே மழைத்துளி வந்து மோதும். மூடி வெடுக்கென்று அதிர, எறும்பு குடுவைக்குள் உதிரும். செடி தன் ஆற்றல் எதையும் செலவிடாமல், விழும் துளியின் ஆற்றலைக் கொண்டே வேட்டையாடுகிறது. வகுப்பில் இயக்க ஆற்றலை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. 'மூடி மூடிக்கொள்ளும்' என்று நானும் மாணவர்களிடம் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். எனவே இக்குற்றச்சாட்டு எனக்கும் உரியதே.

இரண்டாவது குறை, வேறுபாடுகளைக் காணாமை. இத்தாவரங்களில் இன்று சுமார் 860 சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. நம் கட்டுரைகளிலோ நான்கைந்து பெயர்கள்தாம் சுற்றிச்சுற்றி வருகின்றன. போர்னியோத் தீவின் சதுப்புக் காடுகளை மட்டும் நோக்குவோம். அங்குள்ள நெப்பந்தஸ் ஆம்புல்லேரியாவின் குடுவைகள் தரையில் கொத்துக் கொத்தாக அமர்ந்து, மேலிருந்து உதிரும் இலைச் சருகை ஏந்துகின்றன. அதன் இலையிலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இச்சருகிலிருந்து வருகிறது. நெப்பந்தஸ் ஹெம்ஸ்லியானாவின் குடுவைக்குள் சிறு வௌவால் ஒன்று பகலில் உறங்குகிறது. அதன் எச்சமே செடிக்கு எரு. இவற்றைக் 'கொலைகாரச் செடிகள்' என்று தலைப்பிட்டு எழுதுவது பொருந்துமா?

தொலைதூரம் போவானேன்? மழைக்காலம் முடிந்தபின் நம் ஊர்க் குட்டைகளிலும் வாய்க்கால்களிலும் மஞ்சள் பூவுடன் மிதக்கும் வேரற்ற செடி ஒன்றைப் பலரும் பாசி என்று ஒதுக்கியிருப்பர். அதுதான் யூட்ரிகுலேரியா ஆரியா. ஈராண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் குட்டையிலிருந்து அதன் ஒரு கிளையை எடுத்து வந்து, தாவரவியல் துறை நண்பரின் நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தேன். கிளையெங்கும் கடுகளவுப் பைகள். சில, பக்கங்கள் உட்குழிந்து ஒட்டிக் கிடந்தன. அத்தகைய ஒன்றின் வாயருகேயுள்ள மயிரிழைகளை ஊசியால் தொட்டேன். பை எப்போது உப்பியது என்பதை என் கண் பிடிக்கவில்லை. முதலில் ஒட்டிக் கிடந்தது, அடுத்து உப்பியிருந்தது, அவ்வளவே!

இதன் இயற்பியல் எளிது. பை தன்னுள்ளிருக்கும் நீரை இறைத்து வெளியேற்றுகிறது. உள்ளே அழுத்தம் வெளியைவிட வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ ஏழிலொரு பங்கு குறைகிறது. சுவர்கள் வில்லைப் போல் உள்நோக்கி வளைந்து நிற்கின்றன. மயிரிழையை நீர்ப்பூச்சி தீண்டியதும் கதவு திறக்க, வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நீரும் பூச்சியும் உள்ளே உறிஞ்சப்படுகின்றன. அந்நீரின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 600 மடங்கை எட்டுவதை 2011-இல் அளந்துள்ளனர். டார்வின் இங்கே தவறினார். பூச்சி தானே கதவை முட்டித் தள்ளி நுழைவதாக அவர் கருதினார். ஆனால் தாம் கண்டது எது, கருதியது எது என்பதை அவர் தனித்தனியே எழுதிவைத்தார். அதனால் பின்வந்தோர் பிழையை எளிதில் திருத்த முடிந்தது. நம் கட்டுரைகளின் பிழை நூறாண்டுகளாகியும் திருத்தப்படாததற்குக் காரணம், யார் பார்த்தது என்ற கேள்வியையே அவை எழுப்பாததுதான்.

இனி மூன்றாவது குறை. செடியைச் சொல்வோர் அது நிற்கும் நிலத்தைச் சொல்வதில்லை. இச்செடிகளும் பச்சையம் உள்ளவை. ஒளியைக் கொண்டு தமக்கு வேண்டிய சர்க்கரையைத் தாமே ஆக்கிக்கொள்பவை. அவற்றுக்குக் கிடைக்காதவை நைட்ரஜனும் பாஸ்பரசும். பொறி அமைப்பது செடிக்குப் பெருஞ்செலவு. மண்ணிலேயே சத்து இருந்தால் அச்செலவு வீண். புல்லும் கோரையும் உயர்ந்து வளர்ந்து இச்சிறு செடிகளை நிழலில் ஆழ்த்திவிடும். ஆகவே இத்தாவரங்கள் செழித்து நிற்கும் நிலம் பெரும்பாலும் சத்தற்ற, ஈரமான, வெயில் படும் நிலமாகும். வேறுவகையில் சொன்னால், இச்செடி ஓர் அளவுமானி. அதன் முள் காட்டுவதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

படிக்காமற்போனால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று போர்னியோவிலேயே உண்டு. 1996-இல் இந்தோனேசிய அரசு, மத்திய கலிமந்தானில் ஏறத்தாழ பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்பு நிலத்தில் நெல் விளைவிக்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. அங்குள்ள 'பீட்' என்னும் மண், மக்காத மரமும் இலையும் பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்து உருவானது. புளிப்பு மிகுந்தது, சத்துக் குறைந்தது. குடுவைச் செடிகள் அத்தகைய மண்ணில்தான் நிற்கின்றன. கால்வாய்கள் வெட்டி நீரை வடித்தனர். நெல் விளையவில்லை. காய்ந்த பீட் 1997-இன் வறட்சியில் பற்றி எரிந்து, புகை அண்டை நாடுகளையும் மூடியது. 1999-இல் திட்டம் கைவிடப்பட்டது. வெட்டிய கால்வாய்கள் நீரை வடித்துக்கொண்டே இருந்தன. 2015-இலும் அந்நிலம் எரிந்தது. இங்கு நைட்ரஜன் இல்லை என்பதைக் குடுவைகள் அதுவரை காட்டிக்கொண்டுதான் இருந்தன.

உலகிலுள்ள ஊனுண்ணித் தாவரங்களில் சுமார் கால் பங்கு அழியும் ஆபத்தில் உள்ளதாக 2020-இல் வெளிவந்த மதிப்பீடு கூறுகிறது. அழகுக்காகத் தோண்டி விற்போரும் இதற்கு ஒரு காரணம். ஆனால் நிலத்தை வடிப்பதும் நிரப்புவதும், வயல்களின் உரநீர் வந்து சேர்வதும் அதைவிடப் பெரிய காரணங்கள். ஒரு செடியைத் தொட்டியில் வைத்துக் காப்பாற்றிவிடலாம். எருவற்ற நீரைத் தொட்டியில் வைத்துக் காக்க முடியாது. அதற்கு அந்நிலம் அப்படியே இருக்க வேண்டும்.

நான் கிளை பறித்த குட்டை இன்று இல்லை. மண்ணடித்து மட்டமாக்கி, மனைக்கற்கள் நட்டுவிட்டார்கள். யூட்ரிகுலேரியா ஆரியா அரிய செடியன்று. அடுத்த ஊர்க் குட்டையில் இன்னும் இருக்கிறது. ஆயினும் மண்ணடித்த நாளில் எங்கள் ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. பள்ளத்தை மேடாக்குவதாகவே அனைவரும் எண்ணினோம். அந்தக் குட்டையிலிருந்து நூறடி தொலைவில் பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்குள்ள பிள்ளைகள் நெப்பந்தஸின் படத்தைப் பிழையின்றி வரைந்து பாகம் குறிப்பார்கள். அருகிலிருந்த குட்டையில் என்ன மிதந்தது என்று அவர்களிடம் எவரும் சொன்னதில்லை.

இத்துறையில் எழுதும் நண்பர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த கட்டுரையில் மடகாஸ்கர் மரத்தை விட்டுவிடுங்கள். செடி எங்கே நிற்கிறது, அந்நீரில் எது இல்லை, அதை யார் எப்படி அளந்தார் என்ற மூன்றையும் எழுதுங்கள். வரும் கார்த்திகையில் வாசகர்கள் தம் ஊர்க் குட்டையோரம் சென்று, மஞ்சள் பூ தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்து வரட்டும்.