வரிசையில் ஒளிந்திருக்கும் தீர்ப்பு

சி மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்கள் முதல் வரியில் ஒரு ஹெடரைச் சேர்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தக் கோப்பு எந்த வழியாக வந்து கணினியில் உட்கார்ந்தது என்று கேட்பவர் குறைவு. லினக்ஸுக்காக ரிச் ஃபெல்கர் எழுதி, 2011இல் முதலில் வெளியிட்ட மஸல் என்ற சி லைப்ரரியில் அந்த வழியே ரசிக்கத் தகுந்தது.

பெரும்பாலான ஹெடர்கள் எல்லா பிராசஸர்களுக்கும் பொது. சில மட்டும் பிராசஸருக்கேற்ப மாறும். அவற்றுக்கு பிட்ஸ் என்று தனி ஃபோல்டர். ஒவ்வொரு பிராசஸருக்கும் சொந்த பிட்ஸ் உண்டு. ஜெனரிக் என்ற பொது இடத்திலும் ஒன்று உண்டு. இரண்டிலும் ஒரே பெயரில் கோப்பு இருந்தால் எதை நிறுவுவது? வேறொருவர் என்றால் இங்கே நாலைந்து 'இஃப்' எழுதியிருப்பார். மேக் என்ற பில்ட் கருவிக்காக மஸல் தரும் மேக்ஃபைலில், ஒரே இலக்கைக் காட்டும் விதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன: முதலில் பிராசஸரின் சொந்தக் கோப்பு, அதன்கீழ் பொதுக் கோப்பு, அதற்கும் கீழே பில்டின்போது உருவானது. மூலக் கோப்பு கிடைக்கிற முதல் விதியை மேக் எடுத்துக்கொள்கிறது. ஒரு பிராசஸருக்கு விதிவிலக்கு வேண்டுமா? அதன் ஃபோல்டரில் ஒரு கோப்பைப் போட்டால் போதும். மேக்ஃபைலைத் தொட வேண்டியதில்லை. நிறுவ வேண்டிய கோப்புகளின் பட்டியலில் இரண்டு முறை வரும் பெயரை, மேக்கின் 'சார்ட்' வரிசைப்படுத்தும் சாக்கில் ஒன்றாக்கிவிடுகிறது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் விவரம் தெரியாத ஒருவர் அந்த விதிகளை இடம் மாற்றினால், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தவறான ஹெடர் போய் உட்காரும். இந்த அழகுக்கு அதுதான் விலை.

பில்டின்போது உருவாகும் கோப்புகளில் எனக்குப் பிடித்தது ஆல்டைப்ஸ். சைஸ்-டி என்ற ஒரே வகையைப் பல ஹெடர்கள் தர வேண்டும். எத்தனை ஹெடர்கள் சேர்ந்து வந்தாலும் அது ஒருமுறைதான் வரையறுக்கப்பட வேண்டும். மூலத்தில் அதற்கு ஒற்றை வரி. சிறிய செட் (sed) ஸ்கிரிப்ட் ஒன்று அந்த வரியை, 'கேட்டிருந்தால், இன்னும் தரவில்லையென்றால் மட்டும் தா' என்ற காவலோடு விரித்து எழுதிவிடுகிறது.

கடைசியில் நிறுவும் ஷெல் ஸ்கிரிப்ட். பழைய கோப்பின் மேலேயே எழுதினால், அந்த நொடியில் அதைப் படிக்கும் கம்பைலருக்குப் பாதிக் கோப்புதான் கிடைக்கும். இந்த ஸ்கிரிப்ட் பக்கத்திலேயே தற்காலிகக் கோப்பில் முழுவதும் எழுதி, அனுமதியை 644 என்று வைத்து, பிறகுதான் பெயரை மாற்றுகிறது. படிப்பவர் கண்ணில் படுவது முழுப் பழையது அல்லது முழுப் புதியது. இயங்கும் புரோகிராம்கள் நம்பியிருக்கும் லைப்ரரிக் கோப்புக்கு இந்தக் கவனம் அவசியம். நாலு வரி ஹெடருக்கும் அதையே தந்திருக்கிறார் ஃபெல்கர்.