ஏற்பும் எதிர்ப்பும்: ஓர் உளவியல் சொல்லைக் கருணாபுரத்தில் வாசித்தல்

'ஏற்பு' நமக்குப் பழகிய சொல்தான். தலைவிதியை ஏற்றுக்கொள், புருஷன் அடித்தால் ஏற்றுக்கொள், சேரியில் பிறந்ததை ஏற்றுக்கொள் என்று காலங்காலமாக ஓதப்பட்ட சொல். இப்போது அது ஆலோசகர்களின் பயிற்சி அறைக்குள் வேறு பொருளில் வந்திருக்கிறது. 'ஏற்பும் கடப்பாடும்' என்ற சிகிச்சைமுறையை (சுருக்கமாக 'ஆக்ட்') அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் 1980களில் உருவாக்கத் தொடங்கினார். ஸ்ட்ரோசால், வில்சன் இருவரோடும் சேர்ந்து 1999இல் நூலாக்கினார். இதில் இலக்கிய விமர்சகனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இது அடிப்படையில் மொழியைப் பற்றிய கோட்பாடு என்பதே என் பதில்.

துயரம் நீடிப்பதற்கு, நாம் சொற்களை நிஜமாகவே எடுத்துக்கொண்டு அவற்றோடு ஒட்டிக்கிடப்பது முக்கியக் காரணம் என்பது ஹேய்ஸின் வாதம். ஆகவே ஒரு பயிற்சி: 'எலுமிச்சை' போன்ற சொல்லை அரை நிமிடம் வேகவேகமாகத் திரும்பச் சொல்வது. நாக்கில் ஊறிய புளிப்பு போய் வெறும் சத்தம் மிஞ்சும். பிறகு 'நான் உதவாக்கரை' என்பதை 'நான் உதவாக்கரை என்ற எண்ணம் எனக்கு வருகிறது' என்று சொல்லிப் பழகுவது. குறிப்பானைக் குறிப்பீட்டிலிருந்து கழற்றும் இந்த வேலை அமைப்பியல் படித்தவர்களுக்குப் புதிதல்ல. நாம் பிரதியில் செய்ததை இவர்கள் வலிக்கிற மனசில் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, இதைக் கருணாபுரத்தில் வைத்துப் பார்ப்போம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் தினக்கூலிகள். மெத்தனால் ஈரலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்நரம்பைத் தாக்கச் சில மணி நேரமாவது ஆகும். அந்த மணி நேரங்களில் 'இது சாராயச் சாவு' என்ற சொல்லுக்கு உயிரின் விலை உண்டு. மாவட்ட நிர்வாகமோ முதல் சாவுகள் கள்ளச்சாராயத்தால் அல்ல என்றது. பிறகு ஆட்சியர் மாற்றப்பட்டார், எஸ்.பி. தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். இறந்தவர் குடும்பத்துக்கு அரசு 10 லட்ச ரூபாய் அறிவித்தபோது 'குடிச்சுச் செத்தவனுக்குப் பணமா?' என்ற பேச்சு எழுந்தது.

அங்கே ஒரு பெண் ஆலோசகர் முன் உட்கார்ந்து, 'என்னைக் குடிகாரன் பொண்டாட்டின்னு சொல்றாங்க' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சொல் அவர் தலைக்குள் மட்டும் இல்லை. தெருவில் இருக்கிறது, ரேஷன் கடை வரிசையில் இருக்கிறது. எத்தனை முறை சொல்லிச் சத்தமாக்கினாலும் அடுத்தவர் வாயிலிருந்து அது பழைய அர்த்தத்தோடுதான் வரும். உள்ளே உறைந்த சொல்லைத் தளர்த்த ஆலோசனை உதவும். வெளியே புழங்கும் சொல்லை எதிர்க்க அரசியல்தான் வேண்டும். இரண்டாவதை முதலாவதாகப் பாவித்தால் சிகிச்சை என்பது அதிகாரத்தின் தாலாட்டாகிவிடும்.

இதனாலேயே இதை மேற்கத்திய இறக்குமதி என்று ஒதுக்குவதும் சோம்பல். ஏற்கச் சொல்வது உள்ளே எழும் துக்கத்தை, பயத்தை. வெளியே உள்ள நிலைமையை அல்ல. இம்முறையை ஒட்டி உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட கையேடு, மாற்ற முடிவதை மாற்று, மாற்ற முடியாத வலிக்கு இடங்கொடு என்றே சொல்கிறது. அதன் வகுப்பு வடிவம் உகாண்டாவில் தெற்கு சூடான் அகதிப் பெண்களிடையே சோதித்துப் பார்க்கப்பட்டது. ஏற்பு, சொல்லிலிருந்து விலகல், நிகழ்கணத்தில் இருத்தல், தன்னிலையை அகலப் பார்த்தல், விழுமியம், செயல் என்று ஆறு திறன்கள். முதல் நான்கோடு நிறுத்திக்கொண்டால் மிஞ்சுவது பழைய தலைவிதிதான்.

'விழுமியம்' என்று யாரும் வீட்டில் பேசுவதில்லை. 'உங்களுக்கு எது பெரிசு?' என்று கேட்டால் பதில் வரும். 'பிள்ளைங்க படிக்கணும்' என்பது ஒரு விழுமியம். 'வித்தவன் உள்ள போகணும், விக்க விட்டவனும் போகணும்' என்பதும் விழுமியமே. முதல் பதிலை இலக்காகவும் இரண்டாவதைக் கோபம் என்ற நோய்க்குறியாகவும் எழுதிக்கொள்கிற ஆலோசகர் பாதிப் பாடம்தான் கற்றிருக்கிறார். 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்ற உத்தரவிட்டது. கூலியை விட்டுவிட்டு ஒரு பெண் அந்த வழக்குக்காக அலைந்தால், அதுவும் இச்சிகிச்சை சொல்கிற கடப்பாட்டுச் செயலே. அதை அப்படி எழுதிக்கொள்ள ஆலோசகரின் குறிப்பேட்டில் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.